திருகோணமலையை 1:50,000இல் சுற்றியது

இலங்கைப் படத்தின் கிழக்குக் கரையை வடக்கிலிருந்து கீழ்நோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தால், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி என்று கரை அதிகம் வளையாமல் மணலாகவே வரும். இடையில் ஒரு களப்பு வாய், அவ்வளவுதான். திருகோணமலை நகரத்துக்கு வந்ததும் எல்லாம் குழம்பிவிடும். ஒரு முனை, அதன் பின்னால் ஒரு குடா, குடாவுக்குள் இன்னொரு குடா, நடுவில் தீவுகள். மூதூரைத் தாண்டித் தெற்கே போனால் மறுபடியும் நேரான மணற்கரை. இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் இப்படி இருக்கிறது என்று நான் நெடுநாளாக யோசித்ததே இல்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற படத்தை யார் கேள்வி கேட்கிறார்கள்?

கேட்க வைத்தவள் மருமகள். அக்காவின் மகள், உப்புவெளியில் இருக்கிறாள், சாதாரண தரப் பரீட்சைக்குப் புவியியல் எடுக்கிறாள். "சமவுயரக் கோடு, அளவுத்திட்டம், குறியீடு எல்லாம் பாடமாக்கிட்டன் மாமா. ஆனா படத்தை விரிச்சா ஒண்டும் விளங்குதில்லை" என்றாள். பாடமாக்கினால் எப்படி விளங்கும்? சரி, இந்த முறை சும்மா கடலில் குளித்துவிட்டு வராமல், நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 இடவிளக்கப்படத் தாளை (தாளில் ஒரு சென்ரிமீட்டர் என்றால் நிலத்தில் அரைக் கிலோமீட்டர்) எடுத்துக்கொண்டு அவளையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சுற்றுவது என்று முடிவு செய்தேன். போர்க்காலத்தில் எங்கள் ஆட்களில் ஒருவர் இப்படியொரு தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடியைத் தாண்டியிருக்க முடியுமா என்பதை நான் சொல்லத் தேவையில்லை. இப்போதும் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியான பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, துறைமுகத்தின் பெரும்பகுதி கடற்படையிடம். ஆகவே வாசலில் நின்று படத்தை விரித்துக் கைகாட்டி விளையாட வேண்டாம், மேலே கோயிலடியில் போய் விரியுங்கள்.

கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்களைப் பொருட்படுத்தாமல் திரிகின்றன. மருமகள் பாதி நேரத்தை அவற்றோடு படம் எடுப்பதிலேயே கழித்தாள். கோணேசர் கோயிலடியில் நிழல் பார்த்து உட்கார்ந்து தாளை விரித்தோம். முதல் வேலை, படத்தை நிலத்தோடு பொருத்துவது. திசைகாட்டியை வைத்து வடக்கைப் பார்த்துத் தாளைத் திருப்பினால் போதும். திசைகாட்டி காட்டுகிற காந்த வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் இலங்கையில் வித்தியாசம் மிகக் குறைவு, இரண்டு பாகை அளவுதான், கண்ணால் பார்க்கிற வேலைக்கு அதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை. வகுப்பில் தாள் எப்போதும் மேசையில் வடக்கு மேலே இருக்கும்படிதான் கிடக்கிறதாம், யாரும் அதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னதில்லையாம். திருப்பியதும் அவளே சொல்லத் தொடங்கிவிட்டாள்: வடக்கே உப்புவெளிப் பக்கம், மேற்கே நகரம், நகரத்துக்குப் பின்னால் உள்துறைமுகம், தெற்கே டச்சுக்குடாவும் அதற்கப்பால் கொட்டியாரக்குடாவும், எதிர்க்கரையில் மங்கலாகத் தெரிவது மூதூர்ப் பக்கம்.

அடுத்து ஓரத்தில் இருக்கும் எண்கள். இவை எங்கிருந்து எண்ணப்படுகின்றன என்று பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதில்லை, எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது. தாளில் கிடையாகவும் குத்தாகவும் ஓடுகிற கட்டக்கோடுகளுக்கு இலங்கையில் தொடக்கம் நாட்டின் உயர்ந்த மலையான பிதுருதலாகல, 2,524 மீட்டர். அதைச் சைபர் என்று வைத்தால் மேற்கிலும் தெற்கிலும் இருக்கிற ஊர்களுக்கு மறை எண் வந்துவிடும். அதனால் மலைக்கே கிழக்கு 200, வடக்கு 200 கிலோமீட்டர் என்று பெயரளவில் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டார்கள். 1999இல் வந்த புதிய முறையில் அது 500, 500. பழைய முறையில் திருகோணமலை நகரம் ஏறத்தாழ கிழக்கு 250, வடக்கு 373க்குப் பக்கத்தில் வரும். இருநூறைக் கழித்தால் மலையிலிருந்து கிழக்கே 50 கிலோமீட்டர், வடக்கே 170 சொச்சம். மருமகள் இதைத் தானே கழித்துப் பார்த்துவிட்டு, "அப்ப நாங்க பிதுருதலாகலவில இருந்து எவ்வளவு தூரம் எண்டு இந்த நம்பரே சொல்லுது" என்றாள். நான் அன்று முழுக்க நடத்திய பாடத்தில் அவளுக்குப் பிடித்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

கோயில் நிற்கிற பாறையில் சமவுயரக் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கிற கோடுகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. கோடு நெருங்கினால் செங்குத்து என்பது புத்தகத்தில் ஒரு வரி. இங்கே எட்டிப் பார்த்தால் கால் கூசும், ஏறக்குறைய நூறு மீட்டர் கீழே கடல். இந்தப் பாறையின் பெரும்பகுதி குவாட்சைட், அதாவது பழைய மணற்கல் ஆழத்தில் வெப்பமும் அழுத்தமும் பட்டு இறுகியது. மழைக்கும் அலைக்கும் லேசில் கரையாத சாதி. இதைப் போன்ற கடினப் பாறை வரிசைகள் துறைமுகத்தைச் சுற்றி நீள்கின்றன, ஒஸ்டன்பேர்க் முனையும் அப்படியொரு முகடுதான். அவற்றுக்கு இடையில் இருந்த மென்மையான பாறை அரிபட்டுப் பள்ளமாகிவிட்டது. சுமார் 20,000 வருடங்களுக்கு முன்பு, கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இப்போதையதைவிட 120 மீட்டர் அளவு கீழே இருந்தது. பனி உருகிக் கடல் ஏறியபோது பள்ளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது, முகடுகள் முனையாகவும் தீவாகவும் மிஞ்சின. நிலாவெளிப் பக்கம் அப்படிக் கடினமான முகடுகள் நெருக்கமாக இல்லை, அங்கே கடல் மணலை இழுத்து இழுத்து நேராக்கிவிட்டது. கரையின் குழப்பத்துக்கு விடை இவ்வளவுதான். ஆனால் அதைத் தாளில் இருந்து மட்டும் சொல்ல முடியாது. நேரில் பாறையில் கைவைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

அங்கிருந்து சீனன்குடா வழியாகக் கிண்ணியாவுக்குப் போனோம். சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள், மொத்தம் 99, பிரித்தானியர் கட்டியவை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் வந்து தாக்கியதும் இந்தத் துறைமுகத்துக்காகத்தான். ஆழமான, காற்றுக்கு மறைவான துறைமுகம் இருந்தால் அதைத் தேடி எல்லாரும் வருவார்கள், போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எல்லாரும் வந்தார்கள். அந்தக் கதை வேண்டிய அளவு எழுதப்பட்டிருக்கிறது, விடுவோம். எனக்கு முக்கியமாகப் பட்டது கிண்ணியாப் பாலத்தில் நின்று பார்த்தது. 2009இல் திறந்த பாலம், 396 மீட்டர் நீளம், தாளில் அளந்தால் எட்டு மில்லிமீட்டர்கூட வராது. இதன் ஒரு பக்கம் தம்பலகாமக்குடா, வள்ளங்கள் கம்பு ஊன்றித் தள்ளக்கூடிய அளவுக்கு ஆழம் குறைந்த இடங்கள் உள்ள நீர். மறுபக்கம் கொட்டியாரக்குடாவை நோக்கித் திறக்கிறது, அங்கே பெரிய கப்பல் வந்து நிற்கும். தாளில் இரண்டும் ஒரே நீலம்.

இந்த நீலத்தைத்தான் நான் பிறகு அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கிண்ணியாவிலிருந்து மூதூருக்குப் போகிற வழியில் நூல் எடுத்துத் தூரம் அளக்கச் சொன்னேன். தெருவின் வளைவோடு நூலை வைத்து, பிறகு அதை நேராக்கி அளவுத்திட்டத்தில் வைத்துப் பார்க்கிற பழைய வேலைதான். நகரத்திலிருந்து மூதூர் நேர்கோட்டில் 15 கிலோமீட்டருக்கும் குறைவு, தெருவழியே போனால் அதைவிட இரண்டு மடங்குக்கு மேல். முன்பு இந்தத் தெருவில் பாலம் இல்லாத இடங்களில் பாதையில், அதாவது ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவையில் ஏறி, அது அக்கரை போகும் வரை காத்துக்கிடந்துதான் போக வேண்டும். பலர் இதெல்லாம் வேண்டாம் என்று நகரத்திலிருந்து நேரே மூதூருக்கு லோஞ்சில் போய்விடுவார்கள். உப்பாறு, கங்கை, இறால்குழி என்று அடுத்தடுத்துப் பாலங்கள் 2011இல் வந்தன. ஏன் இவ்வளவு நெருக்கமாக இத்தனை பாலம்? மகாவலி இங்கேதான் கடலைச் சேர்கிறது. 335 கிலோமீட்டர் ஓடி, நாட்டின் நிலப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு அளவின் மழைநீரைச் சேர்த்துக்கொண்டு வருகிற ஆறு, சமதரைக்கு வந்ததும் வேகம் இழந்து வண்டலைப் போட்டு, தான் போட்ட வண்டலே தன்னை மறிக்க, கிளை கிளையாகப் பிரிகிறது. அதில் ஒரு கிளை வெருகலாறாகத் தெற்கே போய்த் தனியாகக் கடலில் விழுகிறது. பாலங்களை எண்ணிக்கொண்டு போனால் ஆற்றின் கழிமுகத்தை எண்ணிக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். தாளில் இந்தப் பகுதியில் சமவுயரக் கோடே கிட்டத்தட்ட கிடையாது, 20 மீட்டருக்கு ஒரு கோடு என்றால் இங்கே எங்கே வரப் போகிறது, எல்லாம் வயலும் சதுப்பும் கண்டலும். கோடு இல்லாத இடத்தை மருமகள் "ஒண்டும் இல்லாத இடம்" என்று சொன்னாள். மழைக்கால வெள்ளத்தை அந்த ஊர்க்காரரிடம் கேட்டால் தெரியும் அங்கே என்ன இருக்கிறது என்று. பாலம் என்பது தாளில் இரண்டு சின்னக் கோடு, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் 2021 நவம்பரில் படகுப் பாதை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தபோது எல்லாரும் பார்த்தோம்.

கன்னியாவுக்குப் போனது மறுநாள் காலையில். ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் கொஞ்சம் மாறும், இராவணன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. எரிமலை இல்லாத நாட்டில் வெந்நீர் எப்படி என்பதுதான் மருமகளின் கேள்வி. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, ஆழம் கூடக் கூடச் சூடு கூடும், சூடான நீர் வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. மகா ஓயா, தெற்கே மகாபெலஸ்ஸ என்று மற்ற வெந்நீரூற்றுகளையும் நாட்டுப் படத்தில் குறித்துப் பார்த்தால், பெரும்பாலானவை உயர்நிலத் தொகுதி, விஜயன் தொகுதி என்கிற இரண்டு பழைய பாறைத் தொகுதிகள் சந்திக்கும் எல்லையை ஒட்டி வருவது தெரியும். கூட்டம் சேர்ந்துவிட்டது, சீக்கிரம் குளித்துவிட்டுக் கிளம்பினோம்.

இப்போது அந்த நீலத்துக்கு வருகிறேன். பின்னேரம் டச்சுக்குடாவில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கொட்டியாரக்குடா எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். கரையோரம் இத்தனை பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி), அந்தப் பாறைக்கு நேரே இத்தனை பாகம் என்று மனதில் இருந்தே சொல்லிக்கொண்டு வந்தவர், கையைக் கடலுக்குள் நீட்டி, "அங்கால போனா நூல் விட்டா நிலம் முட்டாது தம்பி" என்றார். அவர் சொன்ன இடம் திருகோணமலைக் கடலடிப் பள்ளத்தாக்கு. கொட்டியாரக்குடாவுக்குள்ளேயே தொடங்கி வெளியே போகப் போக ஆழ்ந்து, வங்காள விரிகுடாவின் அடித்தளத்தில் 3,000 மீட்டருக்கும் கீழே போய் முடிகிறது. பிதுருதலாகலவைத் தூக்கி அதற்குள் வைத்தால் உச்சி தெரியாது. நீலத் திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு பக்கத்தில் வருவதற்குக் காரணமும் இந்த ஆழம்தான், அதிர்ஷ்டம் இருந்தால் கோணேசர் மலையில் நின்றே பார்க்கலாம். திருகோணமலையின் மிகப் பெரிய நிலத்தோற்றம் இது, நாங்கள் சுமந்து திரிந்த தாளிலோ அங்கே வெறும் நீலம். நிலப் படம் நிலத்தைத்தான் காட்டும், அதைக் குறை சொல்ல முடியாது என்பீர்கள். சரி, ஆனால் இந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்காவது பக்கத்தில் ஒரு கடற்படத்தையும் வைத்துப் படிப்பிக்கலாம்தானே?

வீட்டுக்கு வந்து, உலகக் கடல்களின் ஆழத்தைத் தொகுத்துத் தருகிற ஜெப்கோ கடலடித் தரவை இணையத்தில் திறந்து, கோணேசர் மலையிலிருந்து வெளிக்கடல் வரை ஒரு குறுக்குவெட்டு வரையச் சொன்னேன். வகுப்பில் பழகினபடியே அவள் நிலைக்குத்து அளவாக ஒரு சென்ரிமீட்டருக்கு 20 மீட்டர் எடுத்தாள். கிடையில் 1:50,000, நிலைக்குத்தில் 1:2,000, அப்போது மிகைப்பாடு, அதாவது கிடைத்தூரத்தைவிட உயரம் பெரிதாகத் தெரிகிற அளவு, 25 மடங்கு. மலை ஐந்து சென்ரிமீட்டர் வந்தது, அழகாக. பிறகு கடலுக்குள் இறங்கினால் 1,000 மீட்டருக்கே 50 சென்ரிமீட்டர் வேண்டும், பள்ளத்தாக்கின் அடிவரை போக ஒன்றரை மீட்டர். கடதாசியும் காணாது, மேசையும் காணாது. அளவை 100 மீட்டராக மாற்றினாள், மிகைப்பாடு 5 மடங்கு ஆனது. இப்போது கோயில் மலை ஒரு சென்ரிமீட்டர், அதன் பக்கத்தில் பள்ளம் முப்பது. அக்கா வந்து பார்த்துவிட்டு, "இதையா சோதினைக்குக் கேக்கப் போறாங்கள்?" என்றா. கேட்கமாட்டார்கள்தான்.

இதேபோல் சுற்ற நினைப்பவர்களுக்கு: இடவிளக்கப்படத் தாள்கள் நில அளவைத் திணைக்களத்தின் விற்பனை நிலையத்தில் கிடைக்கும், கரையோர ஊர்கள் தாளின் விளிம்பில் வெட்டுப்பட்டு அடுத்ததற்குப் போகும் என்பதால் பக்கத்துத் தாளையும் சேர்த்துக் கேளுங்கள். நவம்பர், டிசம்பரில் மழையும் வெள்ளமும், அப்போது மூதூர்ப் பக்கம் போவது கஷ்டம். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் கடல் அமைதியாக இருக்கும், ஆனால் வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கட்டாயம். காற்றுக்குத் தாள் பறக்காமல் இருக்க நாலு உடுப்புக் கிளிப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.