ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

மூன்று வாரமாக என் லாரியில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைந்துகொண்டே வந்தது. வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை, புகையிலும் வெண்மை இல்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றி நிரப்பிவிட்டு ஓட்டினேன். சோம்பேறித்தனம்தான், வேறென்ன சொல்ல. ஒருநாள் காலையில் கூலன்ட் டேங்க்கைத் திறந்தால் மூடியின் உட்புறத்தில் பழுப்பு நிறத்தில் களிம்பு அப்பியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தேன். வழுவழுப்பு, ஆயில் வாடை.

மெக்கானிக் எட்டிப் பார்த்த வேகத்திலேயே, "ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கிவிடலாம்" என்றார். "அண்ணே, ஒரு சோதனை பார்த்துவிட்டுக் கழற்றுவோம்" என்று கெஞ்சித்தான் நிறுத்தினேன். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்கும் அதன் கீழுள்ள பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். அதன் வழியாக எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் கசிந்தால், குளிர்ந்த இன்ஜினை ஓட்டிய சற்று நேரத்திலேயே மேல் ஹோஸ் இறுகிவிடும். எனக்கு அது மெத்தென்றுதான் இருந்தது. டேங்க்கின் மேற்காற்றை உறிஞ்சிச் சோதிக்கும் நீலத் திரவமும் நிறம் மாறவில்லை.

ஆயில் அளவு பார்க்கும் கம்பி சுத்தமாக இருந்ததால் ஆயிலுக்குள் தண்ணீர் போகவில்லை என்று நினைத்தேன். அது தவறு. இரவெல்லாம் நிறுத்தி வைத்த வண்டியில், காலையில் ஆயில் தொட்டியின் அடியிலுள்ள டிரெயின் போல்ட்டை மெல்லத் தளர்த்தினோம். முதலில் ஒரு கரண்டி அளவு கூலன்ட் வழிந்தது; அதன் பிறகுதான் கருப்பாக ஆயில் வந்தது. தண்ணீர் கனமானது, அடியில் போய்த் தங்கிவிடுகிறது. கம்பிக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்த சந்தேகம், ஆயிலைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் மேல். அதில் மெல்லிய தகடுகளின் ஒருபக்கம் ஆயிலும் மறுபக்கம் கூலன்ட்டும் ஓடுகின்றன. இன்ஜின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் 3, 4 பார் இருக்கும். கூலன்ட்டுக்கு 1 பார் அளவுதான். அதனால் ஓட்டை விழுந்தால் ஆயில் கூலன்ட்டுக்குள் பாய்கிறது. நிறுத்தியதும் ஆயிலின் அழுத்தம் இறங்கிவிட, சூடான கூலன்ட் இன்னும் இறுகியே நிற்பதால் கசிவு எதிர்த்திசையில் திரும்புகிறது. (ரிடார்டர் எனும் துணை பிரேக் உள்ள வண்டியாக இருந்தால் அதன் கூலரையும் சந்தேகித்திருக்க வேண்டும்.)

கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, ஆயில் பாதையில் காற்றேற்றித் தண்ணீரில் அமிழ்த்தினோம். ஒன்றும் வரவில்லை. மெக்கானிக் என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, கைபொறுக்காத சூட்டில் வெந்நீர் ஊற்றினேன். உலோகம் விரிய வேண்டுமே! சில நிமிடம் கழித்து, தகட்டு இணைப்பிலிருந்து கடுகளவு குமிழி ஒன்று கிளம்பியது. பின்னாலேயே இன்னொன்று. அவர் சிரிப்பை நிறுத்தினார்.

புதியதை மாட்டியது அரைநாள் வேலை. போல்ட்டுகள் வெவ்வேறு நீளம் என்பதால், அட்டையில் துளையிட்டு அதனதன் இடத்தில் செருகி வைத்தோம். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டும்போது துளைகளில் துணி அடைத்தோம். துணிகளை எண்ணி வைத்ததும் நல்லதாயிற்று, ஒன்று உள்ளேயே நின்றுவிட்டது.

உயிரை வாங்கியது கழுவும் வேலைதான். முதல் நாள் நுரை குறைவான சோப்புநீர் விட்டு அலசினோம், தெளிவாக வந்தது. மறுநாள் இன்ஜின் சூடேறியதும் மீண்டும் களிம்பு. கூலன்ட் சூடேறினால் மட்டுமே திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றாமல் விட்டது என் தவறு. அது மூடியே இருந்ததால் ரேடியேட்டருக்குள் சோப்புநீர் போகவே இல்லை. கழற்றிவிட்டு, இன்னும் நான்கு முறை அலசினோம். ஆயில் ஊறி உப்பிப்போன இரண்டு ஹோஸ்களையும் மாற்றினோம். புது ஆயிலும் ஃபில்டரும் போட்டுச் சிறிது தூரம் ஓட்டிவிட்டு, அவற்றையும் மாற்றினேன். பேரிங் பக்கம் தண்ணீர் போயிருக்குமோ என்ற பயம்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு காலையில் டிரெயின் போல்ட்டைத் தளர்த்தினால், முதல் சொட்டே ஆயில். கூலன்ட் மட்டமும் நான் பேனாவால் கிழித்த கோட்டிலேயே நிற்கிறது. டேங்க்கின் மூலைகளில் மட்டும் இன்னும் பழுப்புப் படலம் ஒட்டியிருக்கிறது. எந்தப் பிரஷும் அங்கே எட்டவில்லை. டேங்க்கையும் புதிதாகவே போட்டிருக்கலாம்.