சிமினியை விடுங்கள், அடுப்பைத் தேடுங்கள்

மொரீஷியஸ் கிராமப்புறச் சாலைகளில் கரும்புக் காட்டு நடுவே பழைய சர்க்கரை ஆலையின் ஒற்றைக் கருங்கல் சிமினி (புகைபோக்கி) கண்ணில் படாமல் போகாது. ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வரும் நம்மவர்கள் வண்டியை நிறுத்தி, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். உண்மையில் அங்கே பார்க்க அதிகம் இல்லை. ஆலை இயந்திரம் பழைய இரும்புக்குப் போயிற்று. கூரை மரமும் சுவர்க்கல்லும் வேறு கட்டடங்களுக்குப் போயின. சிமினியை இடித்தால் கூலி கூட மிஞ்சாது, அதனால் நிற்கிறது. ஆலை இருந்த இடம் கொஞ்சம் தள்ளி, புதருக்குள்.

சிமினியின் அடியில் வளைவான ஒரு வாய் இருக்கும். புகை உள்ளே நுழைந்த வழி அது. அது பார்க்கும் திசையில் நேராக நடந்தால் தரையோடு தரையாகப் போகும் புகைப்பாதையும், அதன்மேல் கொப்பரைகள் உட்கார்ந்திருந்த வட்டக் குழிகளும் வரும். பழைய முறையில் பெரும்பாலும் ஐந்து கொப்பரை, ஒரே அடுப்பு. சிமினிப் பக்கம் இருப்பது பெரியது. வரவரச் சிறுத்து, நெருப்புக்கு நேர் மேலே இருப்பதுதான் ஆகச் சிறியது. பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர்கள்: கிராந்த், ப்ரோப்ர், ஃப்ளாம்போ, சிரோ, பத்ரி. நெருப்பு பத்ரியிலிருந்து கிராந்த் பக்கம் ஓடும், சாறு அதற்கு எதிர்த்திசையில் வரும். ஒவ்வொரு கொப்பரையிலும் வற்ற வற்ற அடுத்ததில் அகப்பையால் மொண்டு ஊற்றுவார்கள். ஒரு கொப்பரையில் வெல்லம் காய்ச்சுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வரிசைதான் புதுசு.

பெரிய கொப்பரையிலேயே சுண்ணாம்பு சேர்ப்பார்கள். சாற்றின் புளிப்பு முறிந்து, அழுக்கு திரண்டு நுரையாக மேலே வரும், வழித்து எடுக்கலாம். சுண்ணாம்பு குறைந்தால் சர்க்கரை முறிந்து பரல் கட்டாது. கூடினால் பாகு கறுத்துப் பிசுபிசுக்கும். கடலோரத்தில் இடிந்து கிடக்கும் காளவாய்களில் பவளப்பாறையைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான் சாற்றுக்கும், சுவருக்கும். கடைசிக் கொப்பரையில் பதம் பார்ப்பது விரலால்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாகு கம்பியாக இழுபட வேண்டும். அதிரசத்துக்கு நம் பாட்டிமார் பார்க்கும் அதே கம்பிப் பதம். ஒரு நிமிடம் தாமதித்தால் அடிபிடித்துக் கருகும்.

அடுப்பு வாயைச் சுவருக்கு வெளிப்புறத்தில் தேடுங்கள். சாம்பல் பாகில் விழாமல் இருக்க, சக்கையை வெளியே நின்றே தள்ளினார்கள். உள்ளே குளவிக் கூடு இல்லை என்று பார்த்துவிட்டுக் கையை விட்டுத் தடவினால் செங்கல்லின்மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு வழவழக்கும், பச்சையாகவோ கறுப்பாகவோ. கரும்புச் சக்கையின் சாம்பலில் மணற்சத்து அதிகம், அந்தச் சூட்டில் உருகி ஒட்டியது. எந்த அருங்காட்சியகத்திலும் இதைத் தொட விடமாட்டார்கள்.

குறுகலான ஆழக் குழியும், பக்கச் சுவரில் வில் போலத் தேய்ந்த கோடும் தென்பட்டால் அங்கே நீர்ச்சக்கரம் சுழன்றது. பாறை போன்ற பெரிய கல் மேடையும் அதில் துருப்பிடித்த இரும்பு ஆணிகளும் இருந்தால் நீராவி இயந்திரம். நீராவிக் காலத்துச் சிமினி கொதிகலனுக்கானது, அடுப்பைத் தேட மேலே சொன்ன வழி அங்கே பொருந்தாது. இவை சுழற்றிய பிழியும் உருளைகளுக்குள் கரும்பைக் கையாலேதான் கொடுத்தார்கள். கரீபியன் தீவுகளில் உருளையில் சிக்கிய கையை வெட்ட ஒரு கோடாரியைப் பக்கத்திலேயே வைத்திருந்த கதை பதிவாகியிருக்கிறது.

இவ்வளவு ஆலைகள் ஏன்? வெட்டிய கரும்பை ஒரு நாளுக்குள் பிழியாவிட்டால் சர்க்கரை குறைய ஆரம்பிக்கும். மாட்டுவண்டி போகும் தூரம்தான் ஆலையின் எல்லை. 1825-இல் பிரிட்டன் இந்தத் தீவுச் சர்க்கரைக்கும் மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரைக்கும் ஒரே வரி என்றாக்கியதும் ஆலைகள் பெருகின. 1864-இல் ரயில் வந்தபின் தூரத்துக் கரும்பையும் பெரிய ஆலைக்குக் கொண்டுபோக முடிந்தது, சின்ன ஆலைகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

அடிமைமுறை 1835 பிப்ரவரி 1-இல் ஒழிந்தது. அதற்கு முன்பே, 1834-இல் அட்லஸ் கப்பலில் வந்த 36 ஒப்பந்தக் கூலிகள் வடக்கே அந்துவனெத் தோட்டத்துக்குப் போனார்கள். அவர்கள் தமிழர்கள் அல்ல, கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். நம்மவர் இங்கே வந்தது அதற்கும் நூறு வருடம் முன்பு: 1735-இல் ஆளுநரான லா பூர்தொன்னே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களைக் கொண்டுவந்து போர்ட் லூயியில் கட்டட வேலை செய்வித்தார். கூலிகள் இருந்த இடம் 'காம்ப்'. காம்ப் தியாபிள், காம்ப் தொரேல் என்று ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பு, அதற்குப் பெயர் 'டபுள் கட்'.

கரும்பு வெட்டு ஜூன் வாக்கில் தொடங்கி நவம்பர், டிசம்பர் வரை போகும். வெட்டி முடிந்த வயல்தான் நமக்கு வசதி, முன்னால் போனால் ஆளுயரக் கரும்பு எல்லாவற்றையும் மறைத்துவிடும். நிலம் எஸ்டேட்டுடையது, அங்கே வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள். பாம்புக்குப் பயப்பட வேண்டாம், இங்கே ஆபத்தான பாம்பு கிடையாது. பயப்பட வேண்டியது 'மூஷ் ஜோன்' என்னும் மஞ்சள் குளவிக்கு, அடுப்பு வளைவுக்குள்தான் கூடு கட்டும். சுவரைப் பிளந்து நிற்கும் வேரைப் பிடித்து ஏறாதீர்கள், சுவரைத் தாங்குவதும் அதே வேர்தான். மரத்தடியில் குங்குமம் பூசிய கற்கள் இருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கிப் போங்கள். வயல் நடுவே அடுக்கிய கருங்கல் குவியல் இடிபாடு இல்லை, உழவுக்காகப் பொறுக்கிப் போட்டது.

போ பிளானில் 1999-இல் ஓட்டம் நின்ற சர்க்கரை ஆலை 2002-இல் அருங்காட்சியகமாகத் திறந்தது. பாம்ப்ளமூஸ் தாவரவியல் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதலில் அங்கே போனால் பிறகு இடிபாடு சுலபமாகப் புரியும். இடிபாட்டைச் சுற்றித் தாழை நின்றால் கவனியுங்கள், சர்க்கரை மூட்டை கட்டியது அந்த ஓலையில்தான். வாக்வா ஊருக்குப் பெயர் கொடுத்ததும் அந்த மரமே.

கொப்பரை மட்டும் ஆலையில் கிடைக்காது. ஓட்டல் வாசலில் பூந்தொட்டியாகவோ, மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியாகவோ பார்ப்பீர்கள். அடிப்பக்கம் தெரிந்தால் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே சூடேறிய கொப்பரையில் ஆறிய பச்சைச் சாறு விழுந்தால் வார்ப்பிரும்பு பிளந்துவிடும்.