கார் கதவு திறக்க இடமில்லை

செப்டம்பர் 28, 2024, சனி

ஒருவழியாகத் தொடங்கிவிட்டேன். எண்பதுகளில் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 'நைட் ரைடர்', பேசும் கார் ஒன்றின் கதை. அதில் ஓடிக்கொண்டிருக்கும் லாரியின் பின்பக்கம் திறக்கும், சாய்தளம் இறங்கிச் சாலையைத் தொடும், கறுப்புக் கார் அதன்மேல் ஏறி உள்ளே போய்விடும். அந்த டிரெய்லரைத்தான் சிறிய மாதிரியாகச் செய்யப்போகிறேன். அத்தை வீட்டில் வீடியோ கேசட்டில் பார்த்த நாளிலிருந்து எனக்குக் காரைவிட லாரிமேல்தான் கண். பேசுகிற காருக்குக் கோடி ரசிகர்கள். அது இளைப்பாற இடம் கொடுத்த லாரியை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

கார் ஏற்கெனவே இருக்கிறது. ஆவோஷிமா நிறுவனத்தின் 1:24 மாதிரி (உண்மைக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு), ஆறு வருடத்துக்கு முன் ஒட்டியது. (காரின் பெயரும் கிட், மாதிரிப் பெட்டியையும் கிட் என்கிறோம். குழப்பம் வேண்டாம். இந்தக் குறிப்புகளில் கிட் என்றால் கார்.) தொடரில் டிரெய்லரை இழுப்பது ஜிஎம்சி ஜெனரல் என்ற லாரி. அது எனக்குக் கிடைக்கவில்லை. அலமாரியில் பிரிக்காமல் கிடந்த 1:25 பீட்டர்பில்ட் 359 லாரி அதற்குப் பதிலாக நடிக்கும். டிரெய்லர் மட்டும் முழுக்க என் கைவேலை. கட்டட மாதிரி செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடையில் 1.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு ஆறு வாங்கி வந்தேன்.

அக்டோபர் 2, புதன்

விடுமுறை. காலையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். எழுந்தபோது மனம் சரியில்லை.

அந்தக் காலத்து அமெரிக்க டிரெய்லரின் அகலம் 96 அங்குலம். 1:24-இல் அது 101.6 மி.மீ. இருபக்கச் சுவரும் 3 மி.மீ. தின்றுவிட்டால் உள்ளே மிஞ்சுவது 98.6. கிட் ஒரு பான்டியாக் டிரான்ஸ் ஆம். உண்மையான காரின் அகலம் ஏறத்தாழ 1.84 மீட்டர், என் மேசையில் இருப்பது அளவுகோலில் 77 மி.மீ. நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 11 மி.மீ.கூடத் தேறவில்லை. உண்மை உலகக் கணக்கில் 26 செ.மீ.

26 செ.மீ. இடைவெளியில் கார் கதவைத் திறந்து இறங்கிக் காட்டுங்கள் பார்ப்போம். அதுவும் டிரான்ஸ் ஆமின் கதவு நீளமான கதவு. தொடரில் காரை ஓட்டும் நாயகன் மைக்கேல் நைட் சாவகாசமாக இறங்குகிறார், அவருடைய மேலதிகாரி டெவன் கோட்டுப் பொத்தானைச் சரிசெய்தபடி நிற்கிறார், காரைப் பராமரிக்கும் பானி கணினிகளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மூவரும் காரைச் சுற்றி நடமாட வேண்டுமானால் அந்த அறை லாரியைவிட அகலமாக இருக்க வேண்டும். ஸ்டுடியோவில் போட்ட செட் அது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயதும் ஓர் அளவுகோலும் தேவைப்பட்டிருக்கின்றன.

வெளியே பார்ப்பதற்குச் சரியாக இருக்க வேண்டுமா, உள்ளே பார்ப்பதற்கா? இரண்டும் ஒரே பெட்டியில் நடக்காது.

அக்டோபர் 6, ஞாயிறு

ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன். 1982 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டம் மாநிலங்களை இணைக்கும் பெருஞ்சாலைகளில் 102 அங்குல அகலத்தை அனுமதித்தது. தொடர் தொடங்கியது அதே ஆண்டு செப்டம்பரில். மூன்று மாதம்தான் முந்திக்கொண்டது, நான் பொறுத்துக்கொள்கிறேன். 102 அங்குலம் என்றால் 108 மி.மீ. காரை ஒரு சுவரோரம் ஒட்டினால்போல் நிறுத்தினால் மறுபக்கம் 25 மி.மீ. கிடைக்கும், அதாவது 60 செ.மீ. ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கலாம். கதவு அப்போதும் முழுதாகத் திறக்காது.

1:25 லாரியின் பின்னால் 1:24 டிரெய்லர் வரப்போகிறது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். 45 அடி நீளத்தை 571 மி.மீ.யாக வெட்டியாயிற்று. இரண்டு கத்தி அலகு போயிற்று. விரலில் ஒரு கீறல்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அம்மா என் மேசையிலிருந்த கத்தி, அரம், ஏர்பிரஷ் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தார். பீட்டர்பில்டின் முகப்பிலும் ஒரு பொட்டு. "லாரிதானே, எலுமிச்சம்பழம் வேண்டாமா?" என்றார். பழத்தைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் சக்கரமும் பழமும் ஒரே உயரம். மகள் கணக்குப் போட்டாள்: நான்கு செ.மீ. பழத்தை இருபத்தைந்தால் வகுத்தால் 1.6 மி.மீ. அஞ்சறைப்பெட்டியிலிருந்து நான்கு கடுகு எடுத்துவந்து முன்சக்கரங்களுக்கு அடியில் வைத்தாள். லாரியைத் தள்ளினேன். நசுங்கவில்லை, உருண்டு ஓடிவிட்டன. ஒன்று இன்னும் அகப்படவில்லை, வண்ணம் அடிக்கும் நாளில்தான் தலைகாட்டும்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் அல்லவா இந்த டிரெய்லர் இருக்க வேண்டும்.

இந்த ஈரத்தில் வண்ணம் அடிப்பது வீண். பழைய பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஏஎம்டி நிறுவனத்தின் 'மூவின் ஆன்' மாதிரிப் பெட்டி கிடைத்தது. 1974 முதல் 1976 வரை என்பிசி தொலைக்காட்சியில் வந்த தொடர், சன்னி, வில் என்று இரண்டு ஓட்டுநர்கள், ஒரு பச்சை கென்வொர்த் டபிள்யூ-925 லாரி. என்னைக் கேட்டால் லாரித் தொடர்களிலேயே லாரிக்கு மரியாதை கொடுத்தது அதுதான். 1979-இல் வந்த 'பிஜே அண்ட் தி பேர்' தொடரில் லாரியைவிடச் சிம்பன்சிக்குத்தான் கைதட்டல். ஆனால் அதில் ஓடிய கென்வொர்த் கே-100 ஏரோடைன் அழகி: தட்டை மூக்கு, கூரைமேல் ஒரு மாடி.

தட்டை மூக்குக்குக் காரணம் அழகு அல்ல. பல மாநிலங்கள் லாரி, டிரெய்லர் இரண்டையும் சேர்த்து மொத்த நீளத்துக்கு வரம்பு வைத்திருந்தன. மூக்கைக் குறைத்தால் சரக்குக்கு இடம் கூடும். நான் அகலம் திருடிய அதே 1982 சட்டம், பெருஞ்சாலைகளில் டிரெய்லரின் நீளத்தை மட்டும் பார்த்தால் போதும் என்றது. நீள மூக்கு திரும்பி வந்தது, தட்டை மூக்கு மெல்ல மறைந்தது. நைட் ரைடரின் இரண்டாம் பருவத்தில் கிட்டை மோதி நொறுக்கும் கோலியாத் என்ற லாரிகூடத் தட்டை மூக்கு பீட்டர்பில்ட் 352-தான். வில்லன் வேடம் பழசுக்குத்தானே போகும்.

அக்டோபர் 20, ஞாயிறு

பொறுமையில்லாமல் அடித்துவிட்டேன். பளபளக்கும் கறுப்பு பத்தே நிமிடத்தில் சாம்பல் பூத்துவிட்டது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிந்துவிடுகிறது. தெரிந்தே செய்த தப்பு. மாலையில் மெதுவாக உலரும் தின்னரை மெல்லிய பூச்சாக அடித்ததும் வெண்மை முக்கால்வாசி கரைந்தது. மிச்சத்துக்கு 2000 எண் உப்புத்தாளும் தண்ணீரும்.

கறுப்பைப் போல் கோள்சொல்லி வேறில்லை. பட்டி பார்த்தபோது சமமாக இருந்ததாக நான் சத்தியம் செய்யக்கூடிய இடங்களெல்லாம் அலையலையாகத் தெரிகின்றன. கடுகு மட்டும் இன்னும் தெரியவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

டிரெய்லரின் பக்கவாட்டில் சதுரங்கக் குதிரையின் தலை வர வேண்டும். என் அச்சுப்பொறிக்கு வெளிர்நிறத்தைக் கறுப்பின்மேல் அச்சடிக்கத் தெரியாது. ஆகவே ஒட்டுநாடாவில் குதிரையை வெட்டி, வெட்டிய இடத்தின் வழியாக வண்ணம் அடித்தேன். நாடாவை உரித்தபோது வந்த மகிழ்ச்சி ஐந்து நிமிடம் நீடித்தது.

"அப்பா, தம்பி ஏன் திரும்பி நிற்கிறான்?"

2022-இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததிலிருந்து எங்கள் வீட்டில் சதுரங்கக் குதிரை எதுவானாலும் அந்தப் போட்டியின் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி'தான். அவள் சொன்னது சரி. ஒரே அச்சை இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன். இடப்பக்கக் குதிரை லாரியைப் பார்க்கிறது, வலப்பக்கக் குதிரை பின்கதவைப் பார்க்கிறது. அச்சைத் திருப்பிப்போட வேண்டும் என்று ஐம்பது வயது மூளைக்குத் தோன்றவில்லை.

சுரண்டி எடுக்க மனம் வரவில்லை. வலச்சுவரைக் காந்தத்தில் கழற்றி மாட்டும்படி செய்திருக்கிறேன். இன்னொரு சுவர் வெட்டலாம், பிறகு.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளி முடிந்தது, கைகள் சும்மா இருக்கின்றன. உள்வேலை.

அகலத்துக்கு அழுததில் நீளத்தை மறந்திருந்தேன். கிட்டின் நீளம் 200 மி.மீ. டிரெய்லரில் அதற்கு முன்னால் 35 செ.மீ.க்கு மேல் இருக்கிறது. பானியின் மேசையையும் கணினிகளையும் முன்சுவரோரம் கொண்டுபோய்விட்டேன். டெவன் அங்கேயே நின்று தேநீர் குடிக்கலாம். மைக்கேல் எப்படி இறங்குவார்? கிட்டுக்குக் கூரைப் பலகைகள் கழன்று வரும், தொடரிலேயே இருக்கையோடு ஆளை மேலே வீசும் வசதியும் உண்டு. இரண்டு பலகைகளையும் கழற்றி வைத்துவிட்டேன். கதவுகளை நிரந்தரமாக ஒட்டியாயிற்று.

சாய்தளத்தில்தான் இன்று முழுநாளும் போயிற்று. தளம் தரையிலிருந்து 50 மி.மீ. உயரம். முதலில் செய்த 110 மி.மீ. பலகை 27 பாகைச் செங்குத்து, கிட்டின் மூக்கு அடியிலேயே முட்டிக்கொண்டது. இரண்டாக மடியும் 220 மி.மீ. பலகை செய்தேன். ஏறியது, ஆனால் உச்சியில் வயிறு தட்டி, நான்கு சக்கரமும் பயனில்லாமல் தராசுபோல் ஆடியது. ஓடும் லாரிக்குள் காரை ஏற்ற முடியும் என்று 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழு உண்மையிலேயே செய்து காட்டியிருக்கிறது. நின்ற லாரிக்குள் ஏற்ற எனக்கு மூன்று மணி நேரம். தளத்தின் விளிம்பை அரத்தால் சரிவாக ராவியதும் ஒரு காகிதத்தின் கனத்தில் தப்பி உள்ளே போய்விட்டது.

மூக்கில் கீறல் விழுந்திருக்கிறது, சிவப்பு விளக்குப் பட்டைக்குச் சற்றுக் கீழே. கறுப்பு தீர்ந்துவிட்டது. நாளை கடைக்குப் போக வேண்டும். போகிற போக்கில் அந்தச் சுவருக்கும் ஒரு தகடு வாங்கிவிடலாமே என்றேன். "வேண்டாம். கார் வருகிறதா என்று யாராவது பின்னால் பார்க்க வேண்டாமா?" என்கிறாள் மகள்.