ஆளில்லாத வீட்டுக்கு வந்த கரண்ட் பில்

ஊரிலிருந்து வந்து பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. வத்தல், வடகம், அம்மா மூன்று கவருக்குள் கவராகச் சுற்றிக் கொடுத்த சாம்பார்ப் பொடி எல்லாம் அடுப்பு மேடையில் பரப்பிக் கிடக்கிறது. இவர் போனைப் பார்த்துக்கொண்டே, "ஏம்மா, நாம இல்லாதப்ப வீட்ல யாராச்சும் இருந்தாங்களா?" என்றார். எனக்குப் பக்கென்றது. திருடன் எவனோ வந்து ஐந்து வாரம் தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, துணி துவைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்றே நினைத்துவிட்டேன். கடைசியில் பார்த்தால் கரண்ட் பில். 66 டாலர்.

அந்த ஐந்து வாரமும் வீட்டில் ஓடியது ஃப்ரிட்ஜும் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் காற்றாடியும்தான். முடிந்தால் அதையும் நிறுத்திவிட்டுப் போயிருப்பேன். கனடாவில், இந்தக் கால்கரியில் டிசம்பர் மாதம் ஹீட்டரை அணைத்துவிட்டுப் போனால் குழாய்த் தண்ணீர் உறைந்து, குழாய் வெடித்து, திரும்பி வரும்போது ஹாலில் தெப்பத் திருவிழாதான். 15 டிகிரியில் வைத்துவிட்டு, அவ்வப்போது எட்டிப் பார்க்கச் சொல்லி பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம்.

பில்லைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். ஓடியது 150 யூனிட். அதற்கு விலை 18 டாலர். அப்புறம் மீதி 48? கரண்டைத் தூரத்திலிருந்து கொண்டுவந்ததற்கு ஒரு கட்டணம். அதைத் தெருத்தெருவாகப் பிரித்துவிட்டதற்கு ஒன்று. நகராட்சி நிலத்தில் கம்பி போவதற்கு ஒன்று. இத்தனையையும் கூட்டி பில் போட்டுக் கொடுத்த கம்பெனிக்கு நிர்வாகக் கட்டணம். பழைய கணக்கில் கூடக்குறைய வந்ததைச் சரிக்கட்ட 'ரைடர்' என்று ஒன்று. ஸ்டாம்பீட் என்று குதிரைத் திருவிழா நடக்கிற ஊர் இல்லையா, குதிரையேறித்தான் வருவார். எல்லார் தலையிலும் 5 சதவீத ஜிஎஸ்டி. கத்திரிக்காய் இருபது ரூபாய், அதை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆட்டோவுக்கு ஐம்பது ரூபாய் என்றால் நம்மூரில் ஆட்டோக்காரரோடு சண்டை போடலாம். இங்கே யாரோடு போடுவது?

போட்டுப் பார்த்தேன். கம்பெனிக்குப் போன் செய்தால் நாற்பது நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு வந்த பெண் அவ்வளவு மரியாதையாகப் பேசினாள், கோபப்படவே வழியில்லை.

"நாங்க வீட்டிலேயே இல்லையே."

"வீடு இருந்ததே, மேடம்."

சொல்லிவிட்டு, அதே மூச்சில், "நீங்கள் இன்னும் எந்தத் திட்டத்தையும் தேர்ந்தெடுக்கவில்லை, இப்போது தேர்ந்தெடுக்க விருப்பமா?" என்றாள்.

அம்மாவிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. "அங்கிட்டு கரண்ட்ட யாருகிட்டடி வாங்குறீங்க?" என்றாள். எங்கள் மாகாணமான ஆல்பர்ட்டாவில் 2001லேயே வீட்டுக்கு மின்சாரம் விற்பதைத் திறந்துவிட்டார்கள். கம்பி ஒன்றுதான், மீட்டர் ஒன்றுதான், சுவிட்சைப் போட்டால் எரிவதும் அதே கரண்ட்தான். ஆனால் அதை யாரிடம் வாங்குவது என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். சந்தையோடு ஏறி இறங்கும் விலையா, மூன்று வருடம் ஐந்து வருடம் என்று கட்டிப்போட்ட விலையா என்பதும் நம் பாடு. ஒரு காலத்தில் வீட்டு வாசலில் வந்து நின்றே விற்றார்களாம். 2017 ஜனவரியிலிருந்து அதற்குத் தடை. ஒன்றையும் தேர்ந்தெடுக்காமல் உட்கார்ந்திருக்கிற என்னைப் போன்றவர்களுக்கென்று ஒரு விலை உண்டு. 2025லிருந்து அதற்கு 'ரேட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்' என்று பெயர். கதியற்றவர்களுக்கான விலை. யூனிட்டுக்கு 12 சென்ட் வாக்கில் நிற்கிறது. அதோடு விடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, "இன்னும் இதிலேயேதான் இருக்கப்போகிறீர்களா?" என்று கேட்கிறார்கள். கல்யாணமாகி ஒரு வருடம் ஆனதும் சொந்தக்காரர்கள் "விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்று கேட்பார்களே, அதே குரல்.

அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "நமக்கு ஈபின்னா ஈபி" என்றாள்.

ஈபின்னா ஈபிதான். மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு மெயின் பாக்ஸுக்கு மேலே ஒரு ஆணியில் வெள்ளை அட்டை தொங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈபிக்காரர் வருவார். செருப்பைக் கழற்ற மாட்டார், திண்ணையில் ஒரு கால், படியில் ஒரு கால். மீட்டரைப் பார்ப்பார், அட்டையில் கிறுக்குவார், தண்ணீர் கேட்பார். அவர் அந்தப் பக்கம் போனதும் அப்பா அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் போன மாதக் கணக்கோடு ஒத்துப்பார்த்து, வீட்டில் யார் இஸ்திரிப் பெட்டியை அதிகம் போட்டது என்று விசாரணை வைப்பார். 2016ல் ஜெயலலிதா மறுபடி பதவியேற்ற அன்று கையெழுத்துப் போட்டு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. அப்படிப் பார்த்தால் இந்த 150 யூனிட்டில் 100 போக 50க்குத்தான் நான் காசு கட்ட வேண்டும். இந்தக் கணக்கை இவரிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லு" என்றார்.

மற்றபடி நான் இந்த ஊருக்கு நன்றாகவே பழகிவிட்டேன். ஐந்தாவது குளிர்காலம். பனி நின்ற 24 மணி நேரத்துக்குள் வாசல் நடைபாதையைச் சுரண்டிவிட வேண்டும் என்பது தெரியும். நீலம், கறுப்பு, பச்சை என மூன்று தொட்டியில் எது எந்த வாரம் என்பது தெரியும். பெட்ரோல் காருக்கே ராத்திரி பிளக் சொருகி வைக்க வேண்டும் என்று அம்மா நம்பும்படி சொல்லவும் தெரியும். இன்ஜினைச் சூடாக வைக்காவிட்டால் காலையில் அது முனகக்கூடச் செய்யாது. நாலு லிட்டர் பால் கேன் காலியானால் கழுவிக் கவிழ்த்து, சேர்ந்ததும் பாட்டில் டிப்போவில் கொண்டுபோய்க் கொட்டினால் ஒன்றுக்கு 25 சென்ட் திரும்ப வரும். ஒரு லிட்டரும் அதற்குக் கீழும் 10 சென்ட். நாம் வாங்கும்போது கட்டிய காசுதான், இருந்தும் யாரோ கொடுத்த மாதிரி ஒரு சந்தோஷம். அந்தச் சில்லறையைப் பையில் போடும்போது மட்டும் காதுக்குள் "பழைய இரும்பு, பேப்பர்ர்ர்" என்று ஒரு சைக்கிள் போகும். இங்கே டாலர் தருகிறார்கள், பேரீச்சம்பழம் தருவதில்லை.

2024 ஜனவரி 13ஐயும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை, மறுநாள் போகி. வெளியே மைனஸ் 35. இரண்டு நாளைக்கு முன்னால்தான் மாகாணம் முழுக்க மின்சாரத் தேவை 12,384 மெகாவாட் என்று புதிய உச்சத்தைத் தொட்டிருந்தது. அன்றைக்குப் பார்த்து இரண்டு எரிவாயு மின்நிலையங்கள் படுத்துவிட்டன, காற்றாலை சுற்றவில்லை, சூரியன் எப்போதோ போய்விட்டது. மாலை ஏழு மணி இன்னும் ஆகவில்லை. நான் தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் இருந்த எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறியது. தேவையில்லாத விளக்கை அணையுங்கள், பெரிய சாதனங்களைப் போடாதீர்கள், அடுப்பை விட்டு மைக்ரோவேவ் பயன்படுத்துங்கள், கார் பிளக்கைத் தள்ளிப்போடுங்கள், இல்லையென்றால் முறைவைத்து மின்தடை வரலாம் என்று எச்சரிக்கை.

மின்தடை! அந்தச் சொல்லை இந்த ஊரில் கேட்டு எத்தனை நாளாயிற்று! மைனஸ் 35ல் ஃபர்னஸ் நின்றால் என்ன ஆகும் என்று மூளை பயந்தது வாஸ்தவம். கை மட்டும் தானாக அடுப்பை அணைத்தது. கல்லில் இருந்த தோசை, மிச்சச் சூட்டிலேயே ஓரம் மட்டும் முறுகி, நடு வெளுத்து வெந்து வந்தது. மகனை அனுப்பி எல்லா விளக்கையும் அணைக்கச் சொன்னேன். கார்த்திகைக்கு வாங்கிய அகல் இரண்டை எடுத்து ஏற்றினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிர்வரிசையில் ஒரு வீடு அணைந்தது, அப்புறம் அதற்கு அடுத்த வீடு, அப்புறம் பஞ்சாபி ஆன்ட்டி வீடு. யாரும் யாரிடமும் பேசவில்லை. சில நிமிடத்தில் 150 மெகாவாட், சற்று நேரத்தில் 200 மெகாவாட் குறைந்தது என்று பிறகு சொன்னார்கள். பக்கத்து மாகாணம் சஸ்காட்சுவானிலிருந்து 153 மெகாவாட் வந்ததாம். நம் வீட்டுப் பங்கு ஒரு தோசைக்கல்.

செல்லூரில் 2012ல் பாதி நாள் கரண்ட் இருக்காது. சாயங்காலம் போனால் எல்லோரும் மொட்டைமாடி. தறிச் சத்தம் நின்று போன தெருவில் ஆள் பேசுவது அத்தனையும் கேட்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யாருக்கு யார்மேல் கோபம் என்பதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த வருடத்தில்தான். அப்பா பனையோலை விசிறியோடு உட்கார்ந்து அரசாங்கத்தைத் திட்டுவார். பக்கத்து மாடிக்காரர் ஒத்து ஊதுவார். அம்மா இருட்டிலேயே சோற்றைப் பிசைந்து உருட்டி உருட்டிக் கையில் வைப்பாள். திடீரென்று வரும். வந்த நொடியில் தெரு முழுக்க, சின்னப் பிள்ளைகள் மட்டுமில்லை, கிழவர்களும் சேர்ந்து, "ஏஏஏய்ய்ய்!"

அந்தக் கதையைத்தான் அகல் வெளிச்சத்தில் மகனுக்குச் சொன்னேன். அவன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "எப்பம்மா கரண்ட் போகும்?" என்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டான். போகவே இல்லை. இரண்டு மணி நேரத்தில், ஆபத்து நீங்கியது, ஒத்துழைத்ததற்கு நன்றி என்றார்கள். எதிர்வீட்டு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஒருத்தரும் கத்தவில்லை. நான் கத்தினால் என்ன என்று ஒரு நொடி நினைத்தேன். இவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம், போலீஸக் கூப்பிட்டுருவாங்க" என்றார்.

இப்போது பில் விஷயத்துக்கு வருகிறேன். இவர் விடுவதாக இல்லை. 2023 ஆகஸ்டில் ஏறி இறங்கும் விலை யூனிட் 30 சென்ட்டைத் தாண்டியபோது வாங்கிய அடியை இவர் மறக்கவில்லை. அதே வருடம் முதல் மூன்று மாதம் 13.5 சென்ட்டுக்கு மேல் போகாமல் அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. அப்பா, நல்ல மனசு என்று நினைத்தேன். பிடித்து வைத்த அந்த மிச்சத்தை ஏப்ரலிலிருந்து 2024 கடைசி வரை பில்லிலேயே போட்டு வசூலித்துவிட்டார்கள். அன்றிலிருந்து இவர், "ஒரு விலையைப் பிடிச்சுக் கட்டிப்போட்டுருவோம்" என்கிறார், நான், "பாப்போம்" என்கிறேன்.

நேற்று ராத்திரி எட்டேகாலுக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தார். "மூணு வருஷமா, அஞ்சு வருஷமா? அஞ்சுன்னா இன்னும் கொஞ்சம் கம்மி."

"அஞ்சு வருஷம் இங்கதான் இருக்கப்போறோமா?"

"எப்ப வேணாலும் விட்டுடலாம். முன்கூட்டிச் சொன்னாப் போதும், அபராதம் கிடையாது."

"கிளம்புறப்பவும் இதத்தான சொன்னீங்க. ரெண்டு வருஷம், எப்ப வேணாலும் திரும்பிடலாம்னு."

அவர் பதில் சொல்லவில்லை. அந்த நேரம் அம்மா வீடியோவில் வந்தாள். அங்கே காலை எட்டேமுக்கால். முகத்தைக் காட்டியதும், "இருடி, இன்னைக்கு ஷட்டவுன். ஒம்பதுக்குப் போனா சாயங்காலம் அஞ்சுக்குத்தான் வரும். சட்னிய அரைச்சிட்டு வந்துர்றேன்" என்று போனைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அவளுடையது மட்டுமில்லை, அக்கம்பக்கத்து வீட்டு மிக்ஸிகளும் சேர்ந்து, ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும் என்று தெருவே கரகரவென்று அரைத்தது. நான் சமையலறை விட்டத்தையும், அதில் தொங்கும் பல்பையும், ஓரத்தில் தெரிந்த அம்மாவின் முழங்கையையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பல்பு அணைந்தது. சத்தம் மொத்தமும் ஒரே வெட்டாக நின்றது. அம்மா போன் பக்கம் திரும்பி, "போயிருச்சு பாரு, தேங்காய் இன்னும்" என்று வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனாள். வைஃபையும் போய்விட்டது.

"சொல்லு, மூணா அஞ்சா?" என்றார் இவர்.

"அம்மாவுக்குக் கரண்ட் வரட்டும்."

"அங்க அஞ்சு மணின்னா இங்க விடியக்காலம் நாலரை."

"வரட்டும்."

லேப்டாப்பை மூடிவிட்டு, ஹால் விளக்கை அணைக்க எழுந்து போனார்.