விரல் மரத்தது, கோளாறு சீட்டில்

மரக்காணம் உப்பளம் வரை சைக்கிளில் போய்த் திரும்பிய அன்று, கூவத்தூர் டீக்கடையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்க என்னால் முடியவில்லை. இரண்டு கையிலும் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயிருந்தன. கடைக்கார அக்கா, "குடு தம்பி" என்று வாங்கிப் பிரித்துத் தந்தார். திருவான்மியூரில் வீடு வந்து சேர்ந்த பிறகும் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சிரமப்பட்டேன். பிரவே எனப்படும் நெடுந்தூர சைக்கிள் ஓட்டத்தில் 200 கி.மீ.யை 13.5 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இந்தக் கையோடு அது நடக்காது என்று புரிந்தது.

முதலில் கையைத்தான் கவனித்தேன். ஜெல் கையுறை வாங்கினேன், ஹேண்டில்பாரில் டேப்பை இரண்டு சுற்று சுற்றினேன். 60 கி.மீ.யில் வந்த மரப்பு 75 கி.மீ.யில் வந்தது, அவ்வளவுதான். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பு உள்ளங்கையின் வெளிப்பக்க அடியில்தான் ஓடுகிறது. உடம்பின் பாரம் அங்கே இறங்கிக்கொண்டே இருந்தால் எந்த மெத்தை போட்டாலும் நசுங்கத்தான் செய்யும். அப்படியானால் பாரம் ஏன் கைக்கு வருகிறது?

கீழ்வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தைக் கேட்டு வாங்கினேன். சீட்டின் மேல் நீளவாக்கில் ஒரு பலகை, அதன்மேல் ரசமட்டம். குமிழி நடுக்கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் ஓடி நின்றது. சீட்டின் மூக்கு நன்றாகவே கீழே சாய்ந்திருந்தது. சாய்த்தது நான்தான். ஆறு மாதத்துக்கு முன் தொடையிடுக்கில் வலித்ததால் அப்படி வைத்தேன். அதனால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு முன்னால் வழுக்க, இரண்டு கையாலும் உடம்பைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக்கொண்டே ஓட்டியிருக்கிறேன்.

சரி, தொடையிடுக்கு ஏன் வலித்தது? அங்கிருந்து உயரத்துக்குப் போனேன். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கவட்டுக்குள் இறுக்கி, அதன் மேல்விளிம்பிலிருந்து தரைவரை அளந்தால் 78 செ.மீ. அதை 0.883 ஆல் பெருக்கினால் 68.9. பெடல் தண்டுகள் இரண்டும் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம் இது. டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற கிரெக் லெமாண்ட் பரப்பிய கணக்கு. என்னுடையது 71 இருந்தது. கால் எட்டாததால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடி, சீட்டில் உரசியிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னால் அடிக்கடி இழுத்ததற்கும் இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

ஒரே நாளில் இறக்கவில்லை. வாரத்துக்கு 5 மி.மீ., ஒவ்வொரு முறையும் சீட் கம்பியில் இன்சுலேஷன் டேப்பால் அடையாளம். 69-இல் நிறுத்தினேன். குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழே கால் சரியாக நீள்கிறது, முன்பாதத்தை வைத்தால் முழங்கால் லேசாக மடங்குகிறது. அப்புறம்தான் மூக்கை மட்டத்துக்குக் கொண்டுவந்தேன். உயரத்தைத் தொடாமல் மூக்கை மட்டும் தூக்கியிருந்தால் பழைய வலி திரும்பியிருக்கும்.

அகலம் தனிக் கதை. அட்டைப்பெட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டி மர ஸ்டூலில் போட்டு, முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் உட்கார்ந்தேன். எழுந்து பார்த்தால் உட்காரும் எலும்புகள் பதிந்த இரண்டு குழிகள், கட்டைவிரல் அகலத்தில். நடுவுக்கு நடு 12.5 செ.மீ. என் சீட் 13 செ.மீ. தான், எலும்பு இரண்டும் வளைந்து இறங்கும் ஓரத்தில் நின்றிருக்கின்றன. 14.3 செ.மீ. சீட் மாற்றினேன். பஞ்சு பழையதைவிடக் குறைவு, கெட்டியானது. ஆனாலும் இதில்தான் நெடுநேரம் உட்கார முடிகிறது. மெத்து மெத்தென்ற சீட்டில் எலும்பு அமிழ்ந்து, நடுப்பகுதி மேலெழும்பி அழுத்துகிறது. பேடட் ஷார்ட்ஸுக்குள் ஜட்டி போடுவதையும் விட்டேன். தையல் உரசிய புண் அதோடு போயிற்று.

போன ஞாயிறு மறுபடி மரக்காணம். முழங்கையை லேசாக மடக்கி, கால் மணிக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று ஓட்டினேன். கூவத்தூரில் அதே கடையில் பாக்கெட்டை நானே பிரித்தேன். ஒரு பிஸ்கட் அக்காவுக்கும் கொடுத்தேன்.

150 கி.மீ.க்கு மேல் பிடரி மட்டும் இன்னும் வலிக்கிறது. ஹேண்டில்பார் எட்டமாக இருக்கிறது போலும். ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் ஸ்டெம் 100 மி.மீ. இருந்தது, அதைக் கழற்றி 80 போட்டிருக்கிறேன். வேறு எதையும் தொடவில்லை. வரும் ஞாயிறு அதே பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.