யூரியா மூட்டையை வைத்துப் படித்த எளிய விகித வாய்பாடு

பதினோராம் வகுப்பில் சதவீத இயைபிலிருந்து, அதாவது ஒரு சேர்மத்தின் எடையில் எந்தத் தனிமம் எத்தனை சதவீதம் என்பதிலிருந்து, வாய்பாடு கண்டுபிடிக்கும் கணக்கை என் மகள் கடகடவென்று போட்டுவிடுவாள், ஆனால் எதற்காக அணு நிறையால் வகுக்கிறாய் என்று கேட்டால் பதில் வராது. சரி, நானும் கூட உட்கார்ந்து படிக்கிறேன் என்று புத்தகத்தை வாங்கிக்கொண்டேன்.

எங்களுக்கு மன்னார்குடிப் பக்கம். குறுவைக்கு மேலுரமாகப் போட வாங்கிய யூரியா திண்ணையில் இருந்தது, மூட்டையிலேயே நைட்ரஜன் 46 சதவீதம் என்று போட்டிருக்கும். அதையே கணக்காக எடுத்துக்கொண்டோம். சுத்தமான யூரியாவில் நைட்ரஜன் 46.7, ஆக்சிஜன் 26.6, கார்பன் 20, ஹைட்ரஜன் 6.7 சதவீதம். நூறு கிராம் என்று வைத்துக்கொண்டால் இவை அப்படியே கிராம். இவற்றை வரிசையாக 14, 16, 12, 1 என்று அணு நிறைகளால் வகுத்தால் 3.34, 1.66, 1.67, 6.7 மோல் வருகிறது (மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களை எண்ணும் ஓர் அளவு). எடையில் கடைசியில் கிடந்த ஹைட்ரஜன் எண்ணிக்கையில் முதலில் வந்து நிற்கிறது! ஒரே எடையுள்ள நெல் மூட்டையிலும் உளுந்து மூட்டையிலும் மணிகள் ஒரே எண்ணிக்கையிலா இருக்கும், அதே கதைதான் என்றேன், அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. இருப்பதில் சிறிய எண்ணால் எல்லாவற்றையும் வகுத்தால் நைட்ரஜன் 2, ஆக்சிஜன் 1, கார்பன் 1, ஹைட்ரஜன் 4. இந்த முழு எண் விகிதம்தான் எளிய விகித வாய்பாடு.

டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உர மூட்டையை வைத்து இதே மாதிரி போட நினைப்பவர்கள் கவனியுங்கள், அதில் 18-46 என்று இருக்கும் 46 பாஸ்பரஸ் பென்டாக்சைடாகக் கணக்கிட்டது, பாஸ்பரஸ் மட்டும் என்றால் சுமார் 20 சதவீதம்தான்.

அப்புறம் மூலக்கூறு வாய்பாடு, அதாவது ஒரு மூலக்கூறில் உண்மையிலேயே எத்தனை அணுக்கள் என்பது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கும் குளுக்கோஸுக்கும் சதவீதம் அச்சு அசலாக ஒன்றே: கார்பன் 40, ஹைட்ரஜன் 6.7, ஆக்சிஜன் 53.3. இரண்டுக்கும் எளிய விகிதம் 1:2:1, அதன் நிறை 30. சதவீதத்தை எவ்வளவு புரட்டினாலும் எது எது என்று தெரியாது, மோலார் நிறை (ஒரு மோலின் எடை, கிராமில்) கையில் இருக்க வேண்டும். அமிலத்துக்கு 60, ஆகவே இரண்டால் பெருக்கு. குளுக்கோஸுக்கு 180, ஆறால் பெருக்கு. யூரியாவின் மோலார் நிறையும் 60தான், ஆனால் அதன் எளிய விகித நிறையே 60 என்பதால் இரண்டு வாய்பாடும் ஒன்றாகிவிடுகிறது.

பாதிப் பேர் மதிப்பெண்ணை விடும் இடம் பின்னம். இரும்பு 69.9, ஆக்சிஜன் 30.1 என்று கொடுத்தால் 1:1.5 வரும். 1.5-ஐ 2 என்று முழுமையாக்கவே கூடாது, இரண்டு பக்கத்தையும் 2 ஆல் பெருக்கி 2:3 என்று எழுத வேண்டும். 1.33 வந்தால் 3 ஆல், 1.25 வந்தால் 4 ஆல். 1.99 மாதிரி வந்தால் மட்டும் தாராளமாக 2 என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது எரித்தல் கணக்குக்கு, அதாவது சேர்மத்தை எரித்தால் கிடைப்பவற்றின் எடையிலிருந்து வாய்பாடு காணும் கணக்குக்கு வந்திருக்கிறோம், கிடைத்த கார்பன் டை ஆக்சைடின் எடையில் 44-க்கு 12 பங்கு கார்பன் என்று பிரித்துவிட்டால் மீதியெல்லாம் இதே வழிதான்.