சிங்கத்துக்குக் காது தெரியணும்

கொலுவுக்கு அம்மன் வாகனச் சிங்கத்தைச் சுடுமண்ணில் செய்பவர்கள் கவனிக்க. வில்லியனூர்ப் பக்கம் கைத்திறமைக்குப் பஞ்சமில்லை, ஆனா பொம்மை கெடுவது பெரும்பாலும் பிடரிமயிரில்தான். ஆப்பிரிக்கச் சிங்கப் படத்தைப் பார்த்து மண்ணை மொத்தையாக அப்பிவிடுகிறோம். கழுத்து மெல்லிசு, பிடரி தடிப்பு. இரண்டும் ஒரே வேகத்தில் காயாது. சேருமிடத்தில் மயிரிழை விரிசல் விழும், சூளையில் அது வாய் பிளக்கும்.

நம்ம குஜராத் கிர் காட்டுச் சிங்கத்துக்குப் பிடரி குறைவு, காது ரெண்டும் வெளியே தெரியும். வயிற்றடியில் நீளவாக்கில் ஒரு தோல் மடிப்பு தொங்கும். அந்த மடிப்பைப் போட்டாலே பொம்மை இந்தியச் சிங்கம் ஆகிவிடும்.

உடம்பு உள்ளே கூடாக, சுவர் விரல் தடிமனில். வயிற்றடியில் பென்சில் நுழையும் ஓட்டை கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே காற்றும் ஈரமும் அடைபட்டு வெடிக்கும். ஒட்டும் இடத்தை இரண்டு பக்கமும் கீறி, மண்குழம்பு தடவி அழுத்தணும். பிடரியைச் சுருள் சுருளாக, உடம்பு பாதி இறுகியபின் வையுங்கள். நிழலில் காயவிடணும். புதுச்சேரி கடல்காற்று ஈரத்துக்கு ஒரு வாரம்கூடப் பத்தாது.

கண்ணில் பூனை மாதிரி செங்குத்துக் கோடு கிழிக்காதீர்கள். சிங்கத்துக்குக் கண்பாவை வட்டம். முன்காலில் 5 விரல், பின்காலில் 4. வாலைத் தனியாக நீட்டினால் தூக்கும்போதே ஒடியும். தொடையோடு ஒட்டி, நுனிக்குஞ்சத்தை முதுகில் படுக்கவைத்துவிடுங்கள்.